பிரதிவாதிக்குத் தோதான தேதி

நீதிமன்றத்தில் அண்ணன், தம்பி, அக்கா, தங்கை என்று யாரும் கிடையாது. வாதி, பிரதிவாதி என்று இரண்டே சாதிதான். மனிதகுலத்தின் பாதிக் குழப்பத்தை இப்படித் தீர்த்துவைத்தது சட்டம். பாலக்காட்டுச் சித்தூரில் அதை டைப் செய்து கொடுப்பது நான்.

சிவில் வழக்கு நடத்தும் எங்கள் அலுவலகத்தில் மூன்று வக்கீல்கள், ஒரு பிரிண்டர், ஒரு செக்ரட்டரி. பிரிண்டர் அவ்வப்போது மக்கர் செய்யும். செக்ரட்டரி செய்வதில்லை.

எதிரே நல்லேப்பிள்ளியிலிருந்து வந்த கருப்பாத்தாள் உட்கார்ந்திருந்தார். பொதுக் கிணற்றின் மோட்டார் அறையை முதல் பிரதிவாதி பூட்டிவிட்டார். நெல் கதிர் வாங்கும் நேரம்.

"இருபத்தொண்ணாந்தேதி கேக்கலாங்கக்கா. அன்னைக்கே தண்ணிக்கு ஆர்டர் வாங்கிரலாம். அதை உட்டா கிறிஸ்துமஸ் லீவு."

"அன்னைக்கு வேண்டாங்க. தம்பிக்கு வேலந்தாவளம் சந்தைங்க. ரெண்டு மாடு விக்கப் போறான்."

"தம்பி இல்லீங்கக்கா. முதல் பிரதிவாதி."

"அவனுக்குத்தானுங்க சந்தை."

"எதிராளிக்குத் தோது பாத்து நாள் குறிச்சா அதுக்குப் பேரு கேஸ் இல்லீங்க, விருந்து."

அவர் சிரிக்கவில்லை. "லீவு முடிஞ்சே போடுங்க."

"அதுக்குள்ள பயிர் காஞ்சுருங்க."

"காயட்டுங்க," என்று பையை எடுத்துக்கொண்டு எழுந்தார்.

நான் ஃபைலின் மூலையில் பென்சிலால் எழுதினேன்: வாதிக்கு ஜெயிக்கும் உத்தேசம் இல்லை.

அவர் வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருக்கும்போதே, உள்ளறையிலிருந்து வக்கீல் தமிழ்ப்ரியா மேடம் இன்னொரு ஃபைலோடு வந்தார்.

"அப்ப இருபத்தொண்ணு நான் ஃப்ரீ. சிவப்பிரகாஷ், உன்ற சொந்தக் கேஸை அன்னைக்கு வெச்சுக்கலாமா? லீவு முடியட்டும்னு உட்டா, உன்ற பிரதிவாதி வழியை மறிச்சுச் சுவரைக் கட்டி முடிச்சிருவாரு. அப்புறம் பைக்கைத் தலையில தூக்கிட்டுத்தான் ஊட்டுக்குள்ள போகோணும்."

உண்மை. அஸ்திவாரம் போட்டாயிற்று. செங்கல்லும் இறக்கியாயிற்று. தடையுத்தரவு வாங்க அதைவிட நல்ல நாள் கிடைக்காது.

நான் கீபோர்டைப் பார்த்தேன்.

"அன்னைக்கு வேண்டாங்க மேடம். லீவு முடிஞ்சு பாத்துக்கலாங்க."

"ஏன், உனக்கு என்ன வேலை?"

"எனக்கில்லீங்க. அவர் மகளைப் பொண்ணு பாக்க வர்றாங்க."

"யாரு மகளை?"

கருப்பாத்தாள் இன்னும் வாசலைத் தாண்டவில்லை. குரலைத் தாழ்த்திக்கொண்டேன்.

"அண்ணன் மகளைங்க."