டாக்டரின் கை

மூலையில் இருந்தவரின் கான்வாஸுக்கு மேலே தெரிந்த பிரஷ் நடுங்கியது.

அதைப் பார்த்தவள் தன் பிரஷைக் கீழே வைத்தாள். வேறு யார் கை நடுங்கியிருந்தாலும் அவள் கண்டுகொண்டிருக்க மாட்டாள். நாளை மறுநாள் அவள் கணவனின் தலையைத் திறந்து கட்டியை எடுக்கப் போவது அந்தக் கை.

நேற்று வரை அவர் யாரென்றே அவளுக்குத் தெரியாது. ஓவிய வகுப்பில் அவள் முன்வரிசை, அவர் மூலை. நேற்று ஆஸ்பத்திரியில், "பெரிய டாக்டர் வர்றார்" என்று நர்ஸ் சொல்லி அவர் உள்ளே நுழைந்ததும், அட, நம்ம வகுப்புக்காரர் என்று பாதி பயம் விட்டிருந்தது. விட்ட பயம் இன்று வட்டியும் முதலுமாகத் திரும்பி வந்தது.

வகுப்பில் எல்லோருக்கும் ஒரே படம்தான். இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர் ஒருவர் வரைந்த, தொப்பி போட்ட பெண்ணின் முகம். அதைப் பார்த்து ஆயில் பெயின்டில் அப்படியே வரைய வேண்டும். கோடு போடக் கூடாது, வண்ணத்தைத் திட்டுத் திட்டாக வைக்க வேண்டும், கிட்டத்தில் கூழாகத் தெரிவது தள்ளி நின்றால் முகமாகிவிடும் என்பார் டீச்சர்.

அவளை அங்கே சேர்த்துவிட்டதே கணவன்தான். "தலையைத் திறக்கறதுக்குள்ள என் மூஞ்சியை ஒரு தடவை வரைஞ்சு வெச்சுடு. அப்புறம் எப்படி இருப்பேனோ" என்று சிரித்தான். அவளால் சிரிக்க முடியவில்லை.

டீச்சர் மூலைக்குப் போனார்.

"என்ன சார், போன வாரம் கண்ணு அவ்வளவு அழகா வந்துச்சு. இந்த வாரம் உதடு கன்னத்துக்கு ஓடிடுச்சே?"

அவர் அசடு வழிந்தார்.

அப்படியென்றால் நடுக்கம் புதிது.

அவள் வராந்தாவுக்கு ஓடி அண்ணனுக்குப் போன் போட்டாள். வேறு டாக்டரைப் பார்க்கலாம் என்றாள். அதுவரை கட்டி சும்மா இருக்குமா, இவரை விட்டால் ஆள் இல்லை என்றுதானே எல்லோரும் சொன்னார்கள் என்று அண்ணன் தயங்கினான். அவள் கேட்கவில்லை. நாளைக் காலையிலேயே டிஸ்சார்ஜ் கேட்கச் சொல்லிவிட்டு உள்ளே வந்தாள். அவள் வரைந்த பெண், எவ்வளவு தள்ளி நின்று பார்த்தாலும் கூழாகவே தெரிந்தாள்.

வகுப்பு முடிந்தது. பிரஷ் கழுவும் தொட்டியருகே அவர் தனியாக நின்றிருந்தார். அவள் அருகே போனாள். இப்போது விட்டால் எப்போது கேட்பது?

"டாக்டர், தலையில கட்டின்னு உங்ககிட்ட அட்மிட் ஆகியிருக்காரே, அவரோட மனைவி நான்."

"தெரியும்மா. நேத்தே பார்த்தேன்."

"உங்க கை நடுங்குது. மறைக்காதீங்க, நான் பார்த்துட்டேன். இந்தக் கையை வெச்சுக்கிட்டா அவர் தலையைத் தொடப் போறீங்க?"

கேட்டுவிட்டாள்.

அவர் கோபப்படவில்லை. பிரஷ் பிடித்திருந்த கையை அவள் முன்னால் நீட்டினார்.

இடது கை.

"ஆபரேஷன் முடியற வரைக்கும் வலது கைக்கு வேற வேலையே குடுக்கறதில்லைம்மா. அது உங்க வீட்டுக்காரருக்குன்னு எடுத்து வெச்சது."