எண்ணூறு சட்டைகள்

யுத்தம் தொடங்கியதிலிருந்து பட்டாள உடுப்பு மட்டுமே தைத்துவந்த தொழிற்சாலைக்கு, அரசாங்கத்திடமிருந்து விசித்திரமான ஆர்டர் ஒன்று வந்தது. கோடு போட்டதும் கட்டம் போட்டதுமாக எண்ணூறு சாதாரணச் சட்டைகள்.

“யாருக்குன்னு கேக்காதீங்க. வெளியில மூச்சு விடாதீங்க” என்றார் மேனேஜர்.

“ஒற்றர்களுக்கா இருக்குமோ அக்கா?” என்றாள் காஜா எடுக்கிற பெண்.

“எண்ணூறு ஒற்றனா? அப்புறம் சண்டைய யாருடி போடுறது?”

துணி வெட்டுகிற அக்கா சிரித்தாளே தவிர, அவளுக்கு மண்டை குடைந்தது. இந்த அளவுப் பட்டியலை எங்கேயோ பார்த்திருக்கிறாள். பழைய ஃபைல்களைத் துழாவினாள்.

கிடைத்தது. முதல் வருஷம் உள்ளூர்ப் பட்டாளம் புறப்பட்டபோது உடுப்பு தைத்த பட்டியல். அதே அளவுகள், அதே வரிசை. அன்று ஆயிரம் பேர். இன்று அநேகமாக எல்லா அளவிலும் எண்ணிக்கை குறைந்திருந்தது.

உடுப்பைக் கழற்றிவிட்டு ஊர் திரும்புகிறவர்கள் வேறு எதைப் போட்டுக்கொண்டு வருவார்கள்?

விரல் கடைசி வரிக்குப் போனது. நாற்பத்தெட்டு இஞ்ச். பட்டாளத்திலேயே அவள் மகன் ஒருவனுக்குத்தான் அந்த அளவு.

அன்றும் ஒன்று. இன்றும் ஒன்று.

வீட்டுக்கு வந்ததும் மருமகளிடம் சொன்னாள்: “நாளைக்கு அவன் தலகாணிய வெயில்ல போடும்மா.”

“இப்ப எதுக்கு அத்தை?”

“சும்மாதான்” என்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.