பை நிறைய ஊசி

போதை ஊசிப் பழக்கம் உள்ளவர்கள் பழைய ஊசியைக் கொடுத்துவிட்டுப் புது ஊசி வாங்கிப் போகும் மையம் அது. எச்.ஐ.வி. பரவாமல் தடுக்க, வெளிநாட்டு நிதியில் நாமக்கல்லில் நடந்தது. வருபவரிடம் எதுவும் விசாரிக்கக் கூடாது என்பது விதி.

நிதியைத் தொடரலாமா என்று பார்க்க, அதைத் தரும் வெளிநாட்டு நிறுவனத்திலிருந்து மார்த்தா வந்திருந்தாள். பேசச் சம்மதித்த பச்சமுத்துவைப் பெருமையோடு அவள் முன் உட்கார வைத்தாள் பொறுப்பாளர் மோகனப்பிரியா. வாராவாரம் பை நிறையப் பழைய ஊசி கொண்டுவருபவர் அவர் ஒருவர்தான்.

“இத்தன ஊசியும் உங்களுக்குத்தானுங்களாண்ணா?” என்று கேட்டாள் மோகனப்பிரியா.

“எனக்கெதுக்குங்க? ஊட்டுல இருக்கறதுகளுக்குத்தான். பொறந்து ஒரு வாரம் ஆனா மொத ஊசி போட்ருவேனுங்க.”

மோகனப்பிரியா பதறினாள். “அவ்ளோ சின்னதுக்கா?”

“கத்தும், திமிறும். எம்பட சம்சாரம் அமுக்கிப் புடிச்சுக்குவாங்க.”

“என்ன சொல்கிறார்?” என்று ஆங்கிலத்தில் ஆவலாகக் கேட்டாள் மார்த்தா.

மோகனப்பிரியா மொழிபெயர்க்கவில்லை. “அண்ணா, போலீசுக்குத் தெரிஞ்சா என்னாகும்?”

“அட, ஏனுங்க பயப்படறீங்க? எல்லாம் நீங்க குடுத்த சுத்தமான ஊசிங்க. உங்க புண்ணியத்துல எம்பட பண்ணையில இதுவரைக்கும் ஒரு கோழிக்குக்கூட எய்ட்ஸ் வரலீங்க!”