டஃபிக்குத் தெரிந்த கடை

கிரெயில் துறைமுகத்துக் காப்பிக் கடைக்குள் நுழைந்ததும், ஷோனாவின் நாய் டஃபி வாரை இழுத்துக்கொண்டு நேரே அடுப்போரம் போய்ப் படுத்தது.

"வாடா டஃபி, வழக்கமான சாசேஜ்தானே?" என்றாள் கடைக்காரி.

ஷோனாவுக்குத் திக்கென்றது. அவள் இந்த ஊருக்கு வருவதே இதுதான் முதல் தடவை.

சுவர் முழுக்க, வந்துபோன நாய்களின் படங்கள். அதில் டஃபியும் இருந்தது, மஞ்சள் கோட்டுக்காரி ஒருத்தியின் மடியில். கீழே தேதி, மே பத்து.

"யாரு இவ?"

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றான் கூட வந்திருந்த டூகல்.

"மே பத்து நான் லண்டன்ல வேலையா இருந்தேன். நாயை வீட்டுலதான் விட்டுட்டுப் போனேன். பன்னெண்டு வருஷமா குடித்தனம் பண்றேன், கடற்கரைக்கு வான்னு ஒருநாள் கூப்பிட்டதில்ல. கேட்டா முட்டிவலி. இவளுக்கு மட்டும் கடலு, காப்பி, கேக்கு. கோட்டப் பாரு, எலுமிச்சம்பழத்துக்குக் கை முளைச்ச மாதிரி."

"மெதுவாப் பேசு, எல்லாரும் பாக்கறாங்க."

"பாக்கட்டும். என் நாயை மடியில வேற வெச்சிருக்கா. இன்னிக்கு ரெண்டுல ஒண்ணு பாத்துடறேன்."

டூகல் பெருமூச்சு விட்டான். "தாராளமா உன் புருஷன்கிட்ட போய்க் கேளு, ஷோனா. ஆனா, அக்கா வீட்டுக்குன்னு சொல்லிட்டு வந்த நீ கிரெயில்ல யாரோட இருந்தன்னு அவன் திருப்பிக் கேட்டா, என்னை யாருன்னு சொல்லுவ?"

ஷோனா வாயைத் திறப்பதற்குள் கடைக்காரி கேமராவுடன் வந்து நின்றாள்.

"ரெண்டு பேரும் டஃபியோட ஒட்டி உட்காருங்க. அந்தப் படத்துக்குப் பக்கத்துலயே மாட்டிடறேன். டஃபியைக் கூட்டிட்டு அதோட அப்பா ஞாயித்துக்கிழமை வருவாரு, பாத்தா சந்தோஷப்படுவாரு."