அந்த வாசலில் மட்டும்

"எஞ்சினைக் கட்டினேளா, இல்லே என்னை ஏமாத்தினேளா?"

சங்கரன் போட்ட சத்தத்தில் மெக்கானிக் ஷெட்டில் மற்ற வேலையெல்லாம் நின்றுபோயிற்று. மயிலாப்பூரில் பேர்பெற்ற வக்கீல். கோர்ட்டுக் குரல்.

ஷரஃபுதீன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தார். அந்தப் பழைய ஜெர்மன் காரை முழுசாகப் பிரித்து, எஞ்சினைப் புதுசுபோலக் கட்டிக் கொடுத்தவர் அவர்தான்.

"இன்னா ஆச்சு சார்?"

"நன்னா ஓடிண்டே இருக்கு. திடீர்னு பின்னாலேர்ந்து யாரோ பெருமூச்சு விடற மாதிரி ஒரு சத்தம். உடனே எஞ்சின் திணறி அணைஞ்சுடறது. கொஞ்ச நேரம் கழிச்சு சாவியைத் திருப்பினா, ஒண்ணுமே நடக்காத மாதிரி கிளம்பறது."

"வேக்குவம் லீக்கா இருக்கும் சார். எஞ்சின் காத்தை உறிஞ்சற வழியில எங்கனா ஓட்டை இருந்தா இப்படித்தான் சீறும்."

எஞ்சினை ஓடவிட்டு ஒவ்வொரு இணைப்பிலும் பெட்ரோலைத் தெளித்துப் பார்த்தார்; ஓட்டை இருந்தால் சத்தம் மாறும். ரப்பர் குழாய்களை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தார். எஞ்சின் கொஞ்சம்கூடப் பிசகவில்லை.

"எங்க சார் நிக்குது?"

சங்கரன் தயங்கினார்.

"எப்பவும் ஒரே இடம்தான். தி.நகர்ல ஒரு சந்து. அதுல ஒரே வீட்டு வாசல்."

ஷரஃபுதீன் நிமிர்ந்தார். "யார் வூடு அது?"

"என் பொண்ணு வாக்கப்பட்டுப் போன வீடு." சங்கரனின் குரல் இறங்கியது. "அவ செத்துப்போயிட்டா."

ஷரஃபுதீன் பானெட்டை மூடினார்.

அந்த வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஷரஃபுதீன் காரிலேயே ஏறிக்கொண்டார். வெள்ளிக்கிழமை தவறாமல் கே.கே. நகரில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போவது சங்கரனின் வழக்கம். அவரே ஓட்டினார். பின் சீட்டில் அவர் மனைவி ஜானு.

பனகல் பார்க்கைத் தாண்டியதும் கார் ஒரு சந்துக்குள் திரும்பியது.

"மெயின் ரோடு காலியாத்தானே கீது சார்?"

"இப்படியே போய்ப் பழக்கம்" என்றார் சங்கரன்.

சந்தில் கரண்ட் இல்லை. இருட்டிக்கொண்டு வந்தது. கார் மெதுவாக ஊர்ந்தது.

அப்போது கேட்டது.

ஸ்ஸ்ஸ்... என்று நீளமாக ஒரு மூச்சு. காருக்குள்ளேயிருந்து. எஞ்சின் குலுங்கிற்று, திணறிற்று, அடங்கிற்று. அதோடு அந்த மூச்சும் நின்றது.

சங்கரன் தலையைத் திருப்பவேயில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேரே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பார்த்தேளா?"

ஷரஃபுதீன் மனசுக்குள் துவா சொல்லிக்கொண்டே இறங்கிப் போய் பானெட்டைத் தூக்கினார்.

"ஸ்டார்ட் பண்ணுங்க சார். ஆக்சிலேட்டரை அமுக்கிக்கினே இருங்க, வுட்டுடாதீங்க."

எஞ்சின் உறுமியது. மறுபடி அதே சீறல். ஒவ்வொரு குழாயாக விரலால் நசுக்கிக்கொண்டே வந்தார். உள்ளே சீட்டுப் பக்கம் போகும் ஒரு மெல்லிய டியூப்பை நசுக்கியதும் சீறல் சட்டென்று நின்றது.

கதவுப் பூட்டுக்குப் போகிற டியூப் அது. அந்தக் காரில் எஞ்சின் உறிஞ்சுகிற காற்றில்தான் கதவுகளே பூட்டிக்கொள்ளும். அப்படியானால் லீக் எஞ்சினில் இல்லை. வண்டிக்குள்ளே!

பின் கதவைத் திறந்தார்.

ஜானு மாமி குனிந்திருந்தாள். கால் மேட் விலகிக் கிடந்தது. கழற்றிய டியூப் அவள் கையில்.

அவள் அவரைப் பார்க்கவில்லை. அவர் தலைக்கு மேலே எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். ஷரஃபுதீன் திரும்பினார்.

மாடி ஜன்னலில் மெழுகுவத்தி வெளிச்சம். அதன் பின்னால் ஒரு பெண், இடுப்பில் குழந்தையோடு. அசையாமல் நின்றிருந்தாள். ஜானு மாமியின் அதே முகம், இருபது வயசு குறைந்து.

"யா... யார் மாமி அது?"

"மஹதி. என் பொண்ணு." எஞ்சின் இரைச்சலில் அவள் குரல் பாதிதான் கேட்டது. "சக்திவேல்னு ஒரு பையன். ஜவுளிக்கடை வச்சிருக்கான். நம்ம ஜாதி இல்லே. அவனைக் கல்யாணம் பண்ணிண்ட அன்னிக்கே இவர் தலை முழுகிட்டார். அவளைப் பார்க்க எனக்கு இதை விட்டா வேற வழியில்லே, பாய்."

"என்ன, கிடைச்சுதா?" முன் சீட்டிலிருந்து சங்கரன் கத்தினார்.

ஷரஃபுதீன் டியூப்பை அவள் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

"என் தப்புதான் சார்! பின்னால ஒரு டியூப்பைச் சரியா சொருகாம வுட்டுட்டேன்."

"லட்சணம்தான்!"

சங்கரன் டார்ச்சோடு இறங்கி வந்து பக்கத்திலேயே நின்றுகொண்டார். வேறு வழியில்லை. அவர் கண்ணெதிரே ஷரஃபுதீன் டியூப்பைச் சொருகி, கம்பி சுற்றி இறுக்கினார். ஜானு மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அடுத்த வாரம் முழுக்க ஷரஃபுதீனுக்கு மனசே சரியில்லை. நல்லபடியாக முடித்த ஒரு ரிப்பேருக்காக அவர் வருத்தப்பட்டது அதுதான் முதல் தடவை.

சனிக்கிழமை காலையில் சங்கரன் தனியாக வந்து காரை நிறுத்தினார். ராத்திரி தூங்காத கண்கள்.

"நேத்து வண்டி எங்கேயும் நிக்கலை" என்றார்.

"நல்லதுதானே சார்."

"ஜன்னல்லேர்ந்து குழந்தை கையை ஆட்டித்து. நான் தாண்டிப் போயிட்டேன்."

சங்கரன் பின் கதவைத் திறந்து, குனிந்து, தானே மேட்டை விலக்கினார்.

"இந்தக் கம்பியை எடுத்துடுங்கோ, பாய். அந்த வாசல்ல என் வண்டி நிக்காதுன்னு நாலு பேருக்கு முன்னால சொல்லிட்டேன்... ஆனா, எஞ்சினே அணைஞ்சுபோனா நான் என்ன பண்ண முடியும், சொல்லுங்கோ!"