கல்லில் பொறிக்கத் தக்கது

டைப்பிஸ்ட் எழுதிக் கொடுத்த அறிவிப்பை மேனேஜர் திருப்பி அனுப்பியிருந்தார்; தாளின் ஓரத்தில், கோழி கிளறியதுபோல் ஆங்கிலத்தில் ஒரே ஒரு சொல் இருந்தது. வேலை நிரந்தரமாகும் நேரம் என்பதால் டைப்பிஸ்ட் அதோடு பக்கத்து மேசைக்கு ஓடினாள்.

"அக்கா, இது திட்டா, பாராட்டா?"

காசாளர் அக்கா கண்ணைச் சுருக்கிப் படித்தாள். "லேபிடரின்னு இருக்கு." அகராதியைப் புரட்டியவள் வாயைப் பிளந்தாள். "கல்லுல பொறிக்கத் தகுந்த எழுத்தாம்டீ! அடிச்சது பாரு யோகம்."

டைப்பிஸ்டுக்குத் தலைகால் புரியவில்லை. தன் வாசகத்தைக் கருங்கல்லிலேயே செதுக்கி வாங்கி, ஆபீசே கூடி நிற்க மேனேஜர் முன்னால் இறக்கி வைத்தாள்.

"என்னம்மா இது?"

"நீங்கதானே சார் லேபிடரின்னு எழுதினீங்க?"

மேனேஜர் அவள் காதருகே குனிந்து பல்லைக் கடித்தார். "லேவட்டரி! லேவட்டரி கதவுல ஒட்டணும்னுதான் அப்படி எழுதினேன்!"

அதற்குள் முதலாளி எட்டிப் பார்த்துக் கல்லைப் படித்துவிட்டார். "அடடே, கழிவறைக்குக் கல்வெட்டா! யாரோட யோசனை?"

"என் யோசனைதான் சார்," என்றார் மேனேஜர், கண்ணிமைக்காமல். "வாசகம் மட்டும் இந்தப் பொண்ணு."

மறுநாள் கழிவறை வாசலில் முதலாளியே ரிப்பன் வெட்டினார். 'உபயோகித்தபின் தண்ணீர் ஊற்றவும்' என்ற வாசகத்தோடு அவள் வேலையும் நிரந்தரமாயிற்று.