வீட்டார் அனுமதித்த பாடம்

மார்சலின் டீச்சர் ஒரு கருங்கல் துண்டைத் தூக்கிக் காட்டினாள். "இதுக்கு வயசு ஐம்பது கோடி வருஷத்துக்கு மேல. நான் எவ்வளவு சொன்னேன், அஜின்?"

"ஆறாயிரம் டீச்சர்."

"நீ சொல்லு ரெஷ்மா."

"வயசே கிடையாது, எப்பவும் உள்ளதுன்னு சொன்னீங்க டீச்சர்."

இருவரும் பொய் சொல்லவில்லை. பத்தாம் வகுப்பில் எல்லோர் காதிலும் ஒரு பொத்தான் இருந்தது. டீச்சரின் நேர்ப்பேச்சைக் காதில் விழவிடாமல் அடைத்து, வீட்டார் எதை ஒப்புக்கொண்டார்களோ அதற்கேற்ப மாற்றி, அவள் குரலிலேயே அது பிள்ளைக்குச் சொல்லும். கல்லின் வயது வீட்டுக்கு வீடு மாறியது. பயமுறுத்தும் பேச்சு வேண்டாம் என்பதில் மட்டும் எல்லா வீடும் ஒன்று.

கடலுக்கடியில் பூமித்தட்டுகள் உரசுவதைப் பலகையில் வரைந்துவிட்டுத் திரும்பியவள், பிள்ளைகளுக்குப் பின்னாலிருந்த ஜன்னலைப் பார்த்தாள். கடல் வெகுதூரம் உள்வாங்கியிருந்தது. வள்ளங்கள் சேற்றில் சாய்ந்து கிடந்தன.

"அங்க பாருங்க, கடல் உள்வாங்கிட்டு. பெரிய அலை வரும். எல்லாரும் மேட்டுக்கு ஓடுங்க."

பிள்ளைகள் நிதானமாகத் திரும்பிப் பார்த்தார்கள். முகங்கள் மலர்ந்தன.

"எவ்வளவு சிப்பி கெடக்கு. நெசமாவே போய்ப் பொறுக்கலாமா டீச்சர்?" என்றாள் ரெஷ்மா.

டீச்சர் பாய்ந்து அவள் காதிலிருந்த பொத்தானைப் பிடுங்கினாள். அதற்குள் மற்றவர்கள் எழுந்துவிட்டார்கள். வாசலை மறித்துக் கைகளை விரித்து, போகாதீங்க, போகாதீங்க என்று தொண்டை கிழியக் கத்தினாள்.

"தேங்க்ஸ் டீச்சர்" என்று சொல்லிக்கொண்டே அவர்கள் ஒவ்வொருவராக அவள் கைக்கு அடியில் குனிந்து கடலைப் பார்த்து ஓடினார்கள்.